பருவம் வந்த முயல் கடிக்கிறது, துரத்துகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று நான்கு மாதம் வரை மடியில் படுத்துத் தூங்கிய குட்டி, அடுத்த மாதமே காலைக் கடிக்கிறது, கூண்டுக்குள் கை விட்டால் பாய்கிறது. முயல் வளர்க்கும் வீடுகளில் இது நடக்காத வீடு குறைவு. வருகிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாமே வீட்டில் செல்லமாக வளர்க்கும் முயலுக்கானவை. பண்ணை வளர்ப்புக்கு அல்ல.

"இத்தனை நாள் சாதுவா இருந்துச்சு. திடீர்னு கடிக்குது. என்ன ஆச்சு?"

பருவம் வந்துவிட்டது, அவ்வளவுதான். சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவமடையும். நடுத்தர இனங்கள் 4 முதல் 6 மாதத்தில், பெரிய இனங்கள் 6 முதல் 9 மாதத்தில். 'மினி முயல், இதுக்கு மேல வளராது' என்று விற்கப்படுபவற்றில் பல, பண்ணை இனங்களின் 5, 6 வாரக் குட்டிகள். அவை 3, 4 கிலோ வரை வளரும். அதனால் கடைக்காரர் சொன்ன வயதையும் இனத்தையும் முழுதாக நம்பாமல் முயலின் நடத்தையைப் பாருங்கள்.

ஆண் முயலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடுவதால் இணை தேடி மேலே ஏறுவது, மூத்திரம் பீய்ச்சுவது, மற்ற ஆணை விரட்டுவது எல்லாம் தொடங்கும். பெண் முயல் அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கூண்டைக் காப்பதில் பெண்தான் பெரும்பாலும் கடுமையானது. காட்டில் குட்டி போடும் வளையைத் தோண்டுவதும் அந்த இடத்துக்காகச் சண்டை போடுவதும் பெண்கள்தான். உங்கள் வீட்டுக் கூண்டு அதற்கு அந்த வளை.

"சீசன் முடிஞ்சா தானா சரியாகிடுமா?"

ஆகாது. குளிர் நாடுகளில் பகல் நீளும் வசந்த காலத்தில் இந்த வேகம் கூடி, குளிர்காலத்தில் தணியும். தமிழ்நாட்டில் பகல் நேரம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. போதாததற்கு வீட்டில் இரவு 11 மணி வரை டியூப் லைட் எரிகிறது. பெண் முயலை இணைக்குத் தயார்ப்படுத்தப் பண்ணைகளில் ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். நாம் அதை அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம். முயல் இருக்கும் மூலையை மாலையிலேயே இருட்டாக்குவது நல்லதுதான். ஆனால் அது மட்டும் தீர்வாகாது.

"கடிக்கிறது எல்லாமே கோபமா? காலைச் சுத்திச் சுத்தி வந்து உறுமுது, அது என்ன?"

காலைச் சுற்றி வட்டமடித்து, மெல்லிய உறுமல் போட்டு, கடைசியில் பாதத்தையோ கையையோ பிடித்து ஏறுவது இணை தேடும் நடத்தை. அந்த நேரத்தில் பிடிமானத்துக்காகக் கடிக்கும், அது வலிக்கும். கோபம் அதில் இல்லை. திட்டாமல், பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளி இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாடையை நாற்காலிக் காலில் தேய்ப்பது வாசனை வைப்பது மட்டுமே. பல்லால் லேசாகத் தொட்டு இழுப்பது 'நகரு' என்றோ 'என்னைக் கவனி' என்றோ சொல்வது.

உண்மையான தாக்குதலுக்கு முன் உடம்பு இறுகும். காது இரண்டும் பின்னால் படியும், வால் விறைக்கும், முன்னங்கால் இரண்டாலும் குத்துவதுபோல் பாயும், கூடவே குட்டையான ஓர் உறுமல் வரும். காதைப் பின்னால் மடித்து உடம்பைத் தளர்த்திப் படுத்திருப்பது ஓய்வு; அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாய்வதற்கு முன் அநேகமாக ஒன்றிரண்டு நொடி எச்சரிக்கை கொடுக்கும். அந்த நேரத்தில் கையை நிறுத்தப் பழகினால் பாதிக் கடிகள் விழாது.

"கூண்டுக்குள்ள கை விட்டா பாயுது. வெளியில விட்டா நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

முதல் பதிலில் சொன்ன வளைதான் காரணம். அதோடு முயலின் பார்வையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதுகூடத் தெரியும். மூக்கின் நேர் முன்னால், வாய்க்குக் கீழே மட்டும் தெரியாது. நாயைத் தொடுவதுபோல் கையை மூக்கடியில் நீட்டினால், எங்கிருந்தோ ஒரு பொருள் திடீரென்று முளைத்த மாதிரி அதற்கு இருக்கும். கையை மேலிருந்து, அது பார்க்கும்படி மெதுவாகக் கொண்டுவந்து நெற்றியில் வையுங்கள்.

அது உள்ளே இருக்கும்போது கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள். கதவைத் திறந்து, அது தானாக வெளியே வந்து வேறு அறைக்குப் போன பிறகு கழிவுத் தட்டை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவித் துடைத்தால் அதன் வாசனை முழுக்கப் போய்விடும். மறுபடி வாசனைக் குறி வைக்க இன்னும் ஆவேசமாகும். ஈரமான தாளை மாற்றி, கொஞ்சம் பழைய புல்லையும் நாலைந்து புழுக்கையையும் தட்டில் விட்டுவையுங்கள். தீனிக் கிண்ணத்தின் மேல் பாய்கிற முயலுக்குக் கிண்ணமே வேண்டாம். பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீனியை) தரையில் தூவிவிடுங்கள். கை வந்தால் தீனியும் வருகிறது என்று அதற்குப் பழகட்டும். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் ஓர் அட்டையை நடுவில் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலையை முடியுங்கள். தடித்த கையுறையும் உதவும்.

இரண்டுக்கு மூன்று அடிக் கூண்டில் நாள் முழுக்க அடைத்த முயலை எந்த வித்தையாலும் சாந்தமாக்க முடியாது. மடிப்புக் கம்பி வேலி வாங்கி, அறையின் ஒரு பகுதியை, முடிந்தால் 6 அடிக்கு 10 அடியை, அதற்கென்று ஒதுக்குங்கள். நுழையவும் வெளியேறவும் இரண்டு ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம். ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டதாக உணர்ந்து கடிக்கும்.

"ரெண்டு அடி போட்டா அடங்கிடும்னு சொல்றாங்க. தலையை அழுத்திப் பிடிச்சு 'யார் பெரியவன்'னு காட்டலாமா?"

வேண்டவே வேண்டாம். முயல் இரையாக வாழும் விலங்கு. அடி வாங்கினால் 'என்னைப் பிடித்துத் தின்ன வந்தது' என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். தலையை அழுத்துவதும் மல்லாக்கப் போட்டு அசையாமல் வைப்பதும் அதே கதைதான். மல்லாந்து அசையாமல் கிடப்பது பயத்தில் உறைந்து கிடப்பது. காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இன்னும் சந்தைகளில் இருக்கிறது. அது காதுக்கும் கேடு, முதுகெலும்புக்கும் கேடு. முயல் பின்னங்காலை உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். தூக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கை மார்பின் கீழ், மறு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்தபடி.

கடித்தால் உடனே 'ஈ!' என்று கூர்மையாக ஒரு சத்தம் போட்டு அப்படியே நில்லுங்கள். வெடுக்கென்று கையை இழுத்தால் காயமும் பெரிதாகும், கடித்தால் கை ஓடுகிறது என்று அது தெரிந்துகொள்ளவும் செய்யும்.

"கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. நாய்க்கடிக்குப் போடுற ஊசி போடணுமா?"

முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முயலிடமிருந்து மனிதருக்கு ராபீஸ் வருவது மிக மிக அரிது. வெளியே போகாத வீட்டு முயல் என்றால் பெரும்பாலும் அந்த ஊசி தேவைப்படாது. ஆனாலும் முடிவு மருத்துவருடையது. நாய், பூனை, கீரி ஏதாவது அண்மையில் அந்த முயலைக் கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, மூட்டருகில் இருந்தாலோ, மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

"ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டா ஆசை தீர்ந்து அடங்கிடும்ல?"

இல்லை. ஹார்மோன் ஒரு முறையோடு வற்றிப்போவதில்லை. இணை சேர்ந்த ஆண் முன்பைவிட வேகமாகத் தேடும். பெண்ணுக்கு மாதாமாதம் கருமுட்டை வெளியாகும் வழக்கமும் இல்லை. இணை சேர்ந்த 10 மணி நேரத்துக்குப் பின் வெளியாகும். அதனால் ஒரு முறை சேர்ந்தாலே சினை பிடிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். 31 நாளில் குட்டிகள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். குட்டி வைத்திருக்கும் தாய் கூண்டைக் காக்கும் வேகத்தை ஒரு முறை பார்த்தவர்கள் இந்த யோசனையை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள். பிறந்த அத்தனை குட்டிக்கும் நல்ல வீடு கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள்.

"அவ்வளவு சின்ன உயிருக்கு ஆபரேஷன் தேவையா? எந்த வயசுல பண்ணணும்?"

நிலையான வழி அதுதான். ஆணுக்கு விதை எடுப்பது. பெரும்பாலும் விதை கீழிறங்கி நன்றாகத் தெரியும் மூன்றரை முதல் 5 மாதத்தில் செய்யலாம். பெண்ணுக்குக் கருப்பை, சினைப்பை இரண்டையும் எடுப்பது. இதற்கு 5, 6 மாதம் ஆகட்டும். பெண்ணுக்குச் செய்வது பெரிய அறுவைதான். ஆனால் ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களுக்கு 3, 4 வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். கடி நிற்பது ஒருபுறம், அதன் ஆயுளுக்காகவே செய்யத்தக்கது. பெண் என்று சொல்லி விற்ற குட்டி ஆணாக இருப்பது அடிக்கடி நடக்கும். நாள் குறிப்பதற்கு முன் டாக்டரிடம் பாலினத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 30 டிகிரிக்கு மேல் முயல் சாதாரணமாகவே திணறும். மயக்க மருந்திலிருந்து எழும் முயலுக்கு இன்னும் கஷ்டம்.

"எங்க ஊர்ல நாய், மாடுதான் பார்க்கிறாங்க. டாக்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?"

சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுடன் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே கேட்டுப் பார்க்கலாம், அல்லது முயல் பார்க்கும் தனியார் டாக்டரை அவர்கள் வழியாக விசாரிக்கலாம். யாரிடம் போனாலும் நான்கு கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். முயலுக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்? மயக்கத்துக்கு என்ன, ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு உண்டா? வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? முந்தின இரவிலிருந்து பட்டினி போட வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம், நாய்க்கு மாதிரிதான்' என்று பதில் வந்தால் வேறு டாக்டரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் பட்டினிக்குத் தேவையில்லை. பட்டினி போட்டால் குடல் ஓட்டம் நின்றுவிடும். ஆண் முயலுக்கு இன்னொன்று: விதை இறங்கும் வழி முயலில் திறந்தே இருக்கும், அறுவையில் அதை அடைக்காவிட்டால் குடல் அந்த வழியே இறங்கிவிடலாம். முயல் செய்து பழகியவருக்கு இது தெரிந்திருக்கும்.

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. எதைக் கவனிக்கணும்?"

சாப்பாடும் புழுக்கையும். தையலைவிட இவை முக்கியம். அன்று மாலையே கொஞ்சம் கொத்தமல்லித் தழையோ புல்லோ கொறிக்க வேண்டும். 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். பெரும்பாலும் வலிதான் காரணம். மெலாக்சிகாம் போன்ற வலிமருந்தை டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாள் வரை கொடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்த வேண்டாம். டாக்டர் சரி என்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்த பெல்லட்டை ஊசியில்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

தரையில் மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும். பழைய காட்டன் துணி போதும். ஆண் இரண்டு மூன்று நாளில் பழைய துறுதுறுப்புக்கு வந்துவிடும். பெண்ணை 10 முதல் 14 நாள் மேலே தாவ விடாதீர்கள்.

"ஆபரேஷன் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. இன்னும் ஏறுது, கடிக்குது. காசு தண்டமா?"

இல்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோன் வடிய 4 முதல் 8 வாரம் ஆகும், சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூட. விதை எடுத்த ஆணுக்கு 6 வாரம் வரை சினை பிடிக்க வைக்கும் திறன் இருக்கலாம். அதுவரை ஆபரேஷன் செய்யாத பெண்ணோடு ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

இரண்டு மூன்று வயது வரை கடித்துப் பழகிய முயலுக்கு ஹார்மோன் போனாலும் பழக்கம் மிச்சமிருக்கும். கடித்தால் கை போய்விடும் என்று கற்றுவைத்திருக்கிறதே! அதற்குக் கூண்டுக் கேள்வியில் சொன்னவற்றைப் பொறுமையாகத் தொடருங்கள். தினமும் தரையில் அதன் பக்கத்தில் சும்மா உட்காருங்கள், கை நீட்டாமல். தானாக வந்து முகர்ந்தால் ஒரு புதினா இலை.

"ஒரே ஒரு பெண் முயல்தான் இருக்கு. முடியைப் பிய்ச்சு கூடு கட்டுது, கிட்டப் போனா கடிக்குது. எப்படி சினை ஆச்சு?"

ஆண் எதுவும் அருகில் வரவில்லை என்றால் அது பொய்ச்சினை. 16 முதல் 18 நாளில் தானாக முடியும். கூட்டைக் கலைக்காதீர்கள், கலைத்தால் மேலும் முடியைப் பிய்க்கும். தின்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்திருந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறினாலும் இது வரும். திரும்பத் திரும்ப வந்தால் ஆபரேஷன்தான் வழி. இந்தச் சுற்று முடிந்து பால் சுரப்பு வற்றிய பிறகு நாள் குறியுங்கள்.

"சுவர், மெத்தை, என் மேலேயே மூத்திரம் பீய்ச்சுது."

பருவம் வந்த ஆணின் வேலை, பெண்ணும் சில நேரம் செய்யும். ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை பாதி வெள்ளை வினிகர், பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். பினாயிலின் காட்டமான நெடி முயலின் மூச்சுக்கு ஆகாது.

"அண்ணன் தம்பி ரெண்டும் ஒண்ணாத்தான் வளர்ந்துச்சு. இப்போ ரத்தம் வர்ற சண்டை."

உடனே பிரியுங்கள். வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். தடித்த துண்டை மேலே போட்டுப் பிரியுங்கள். பருவம் வந்த ஆண்கள் ஒன்றின் விதையை மற்றது கடித்துக் கிழிக்கும். முடிக்குள் மறைந்த சின்னப் பல் ஓட்டைகூட ஒரு வாரத்தில் சீழ்க்கட்டியாகும். முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் கெட்டியானது, தானாக வடியாது. டாக்டர்தான் திறக்க வேண்டும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையை வாயில் போடாதீர்கள். முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

இரண்டுக்கும் ஆபரேஷன் முடிந்து, மேலே சொன்ன 8 வாரமும் கழிந்த பிறகு மறுபடி பழக்கலாம். அதுவரை பக்கத்துப் பக்கத்து வேலி, நடுவில் மூக்கு எட்டாத இடைவெளி. தினமும் துணியையும் தட்டையும் மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும். பிறகு இரண்டுமே போயிராத அறையில் 10 நிமிடம், நீங்கள் கூடவே இருந்து. ஏறுவதும் லேசாகத் துரத்துவதும் சரி. வட்டமாகச் சுற்றி ஒன்றன் வாலை ஒன்று கவ்வப் போனால் நிறுத்திவிடுங்கள். சேர்த்துவைக்க எளிதான ஜோடி, ஆபரேஷன் ஆன ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

"ஆபரேஷன் இல்லாம ஊசியோ மாத்திரையோ கிடையாதா?"

நாய்களுக்குத் தோலடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி ஒன்று வெளிநாடுகளில் உண்டு. ஆண் முயலில் அதை நம்ப முடியாது. நாட்டு மருந்தென்று சொல்லி வேப்பிலைச் சாறு ஊட்டுவதால் கடி குறையாது. ஊட்டும் போராட்டத்தில் உங்கள் கைமேல் அதற்குள்ள பயம்தான் கூடும்.

"உடம்புச் சூடுதான் காரணமாமே? சாப்பாட்டை மாத்தினா குறையுமா?"

ஹார்மோனைத் தீனி மாற்றாது. ஆனால் கொறிக்க வேலையில்லாத முயல் எரிச்சலோடுதான் இருக்கும். புல் எந்நேரமும் இருக்க வேண்டும்: அருகம்புல், தீவனப்புல், காய்ந்த புல், எதுவானாலும் மருந்து தெளிக்காதது. டிமோத்தி என்ற காய்ந்த புல்லின் விலை கட்டுப்படியாகாவிட்டால் இவையே போதும். குதிரை மசாலில் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த முயலுக்குத் தினமும் வேண்டாம். பெல்லட் கிலோ எடைக்கு 25 கிராம். சாதம், பிஸ்கட், கடலை வேண்டாம்.

"சமாளிக்க முடியல. பார்க்குல விட்டுட்டா புல் தின்னு பொழைச்சுக்காதா?"

பிழைக்காது. நாய், பூனை, பருந்து, வெயில், இவற்றில் ஏதோ ஒன்று சில நாளிலேயே முடித்துவிடும். வெள்ளை முயலுக்கு ஒளியவும் தெரியாது, ஒளிய நிறமும் உதவாது. இலவசமாகத் தருகிறேன் என்று விளம்பரம் கொடுத்தால் கறிக்காக வாங்குபவர்களும் வருவார்கள். வேறு வீடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆபரேஷனை முடித்து, கடிக்கும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, வாங்குபவரின் இடத்தை நேரில் பார்த்துக் கொடுங்கள். ஆபரேஷன் ஆன பிறகு கொடுக்கும் எண்ணமே போய்விடவும் வாய்ப்புண்டு.

"ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் சாதுவா இருந்துச்சு. இந்த வாரம் தொட்டாலே கடிக்குது. ஹார்மோன் திரும்பி வந்துடுச்சா?"

சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கியிருந்தாலோ, ஒரு விதை இறங்காமல் விடுபட்டிருந்தாலோ அப்படி நடக்கலாம், ஆனால் அரிது. முதலில் சந்தேகப்பட வேண்டியது வலியை. எங்கே தொட்டால் கடிக்கிறது என்று பாருங்கள். தாடையைத் தொட்டால் என்றால் கடைவாய்ப்பல் கூர்த்து நாக்கையோ கன்னத்தையோ குத்தலாம். எச்சில் வடியும், புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற தீனியைத் தேடும். தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுக்குள் பொருக்குத் தட்டிய சொறி. பின்பக்கத்தைத் தூக்கும்போது என்றால் குதிகால் புண், மூட்டு வலி அல்லது சிறுநீர்ப்பையில் படிந்த சுண்ணாம்பு. மூத்திரம் சுண்ணாம்புக் கரைசல்போல் கெட்டியாக வந்தால் பின்னதுதான்.

காதுச் சொறிக்கு நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் போட்டுவிடாதீர்கள், முயலுக்கு அது நஞ்சு. டாக்டரிடம் போகும்போது இரண்டு நாள் புழுக்கையை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள். அளவு சிறுத்திருக்கிறதா, முடியால் கோத்திருக்கிறதா என்று பார்த்தாலே அவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.